மூன்றாவது பிடி

போட்டோமா, போடவில்லையா? உலை கொதிக்கத் தொடங்கிவிட்டது. கழுவின அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு ரெத்தினபாய் அடுப்பின் முன்னால் அப்படியே நின்றாள். முதல் பிடி வீட்டுக்காரருக்கு, அதைப் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிற கோயில் காணிக்கைத் தூக்குவாளிக்குள் போட்டு, அவுகளுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று சொன்னாள். இரண்டாவது பிடியும் நினைவிருக்கிறது, அது மகள் பெர்சிக்கு. மதுரையில் நர்ஸ் வேலை பார்க்கிறாளே, இன்றைக்கு நைட் டூட்டி முடிந்து தூங்கப் போயிருப்பாள் என்றுகூட நினைத்துக்கொண்டாள். மூன்றாவது பிடி மகன் ஜெரினுக்கு. அதற்குக் கையைச் சாக்குக்குள் விட்டபோதுதான் போன் அடித்தது. விட்ட கை அள்ளினதா, வெறுங்கையாக வெளியே வந்ததா, அள்ளினதைத் தூக்குவாளியில் போட்டதா, இல்லை திரும்பச் சாக்கிலேயே உதறிவிட்டுப் போனை எடுக்க ஓடினதா, அந்த இடம் மட்டும் துணி கிழிந்த மாதிரி இல்லாமல் போயிருந்தது. பெண்கள் ஐக்கியத்துச் செயலாளர் வயலட் அக்காதான் போனில். "ஏட்டி ரெத்தினம், எழுதிட்டியா?" "என்னத்தக்கா?" "என்னத்தவா? நல்லாக் கேட்டே போ. நாளைக்குப் பண்டிகையில நீ சாட்சி சொல்லணும்னு அய்யரம்மா உன் பேரை நோட்டீசுலயே அடிச்சாச்சு. அஞ்சு நிமிசம். பிடி அரிசியப் பத்திச் சொல்லு. முப்பது வருசமா ஒரு வேளை தப்பாமப் போடுதவ இந்த ஊருல நீ ஒருத்திதான். எனக்கெல்லாம் சனிக்கிழமை சாயங்காலந்தான் ஞாபகமே வரும். ஒரு படியை மொத்தமா அளந்து கொட்டிக் கொண்டு வந்துருவேன். ஆண்டவருகிட்ட நமக்கு மொத்த வியாபாரந்தான்." அக்கா கெக்கெக்கே என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். ரெத்தினபாயும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அரிசியைக் கழுவினாள், கல் பார்த்தாள், உலை வரைக்கும் வந்தாள். அங்கே வந்துதான் சிரிப்பு நின்றது.

ஒரு வேளை தப்பாமல். அது பொய் என்று தெரிந்தவள் ஊரிலேயே இவள் ஒருத்திதான். அரிசியை உலையில் போட்டாள், தீயைக் குறைத்தாள், கரண்டியைத் தேடினாள், கரண்டி கையில்தான் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துக்குப் போகிற பஸ் வந்து ஆரன் அடிக்கிறது என்று அவசர அவசரமாக இரண்டு பிடி போட்டாள், பிள்ளைகளுக்கு மட்டும். அவுகளுக்குப் போட மறந்துபோனாள். அன்றைக்கு மத்தியானம்தான் கோயிலுக்கு வெள்ளையடிக்க ஏணியில் ஏறின அருமைநாயகம் கீழே விழுந்து இடது கை முறிந்தது. கன்வென்ஷன் பந்தலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தவளை வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் அவரால் அந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. தையல்காரருக்குக் கை போனால் பாதி உயிர் போன மாதிரி. அவர் ஒரு நாள்கூடக் குறைப்பட்டுக்கொண்டதில்லை, கால் இருக்கே மிஷின் மிதிக்க என்பார். அந்த இரண்டு பிடிக் கதையை இவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சபைப் போதகர் அய்யர் என்ன சொல்வார் என்று தெரியும், அம்மா அது அஞ்ஞானம், நம்ம தேவன் அப்படிப்பட்டவர் இல்லை என்பார். சரிதான், அப்படிப்பட்டவர் இல்லைதான். ஆனால் தலைமயிரை எண்ணி வைத்திருக்கிறவர் என்றும் அதே அய்யர்தானே பிரசங்கம் பண்ணுகிறார். மயிரை எண்ணுகிறவர் அரிசியை எண்ணாமலா இருப்பார்? இப்போது இன்னொரு பிடி போட்டுவிட்டால் என்ன என்று கை சாக்குப் பக்கம் போனது, போன வேகத்தில் திரும்பியும் வந்தது. போட்டிருந்தால்? போட்டிருந்தால் இது நாலாவது பிடி. நாலாவது பிடி இந்த வீட்டில் ஒன்பது நாள்தான் விழுந்திருக்கிறது. ஜெரினுக்குப் பிறகு ஒன்று பிறந்தது, ஆண் பிள்ளை, ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது, பெயர்கூட வைக்கவில்லை. பச்சை உடம்போடு ஒன்பது நாளும் தானே வந்து அடுப்பங்கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவனுக்கும் ஒரு பிடி போட்டாள், பத்தாம் நாள் போடவில்லை. அதற்குப் பிறகும் சில நேரம் கை அதுவாகவே நாலாவது தடவை சாக்குக்குள் போய்விடும், இவள் அதைப் பிடித்து இழுத்துக்கொள்வாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாலாவது பிடி யாருக்கு விழுகிறதோ அவர்கள் தங்குவதில்லை. அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அது அவளுக்குள்ளேயே தானாக எழுதிக்கொண்டது. ஆகப் போடாமல் விட்டாலும் ஜெரின், கூடப் போட்டாலும் ஜெரின். சோறு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது.

அடுப்பங்கரை ஜன்னல் மேற்கே பார்த்தது. இதை வேண்டாம் என்று கொத்தனாரிடம் எவ்வளவோ சொன்னாள், மேல்காத்து வந்து அடுப்பை அணைக்கும் என்றாள். அவர்தான் கேட்கவில்லை, மலை தெரியும், பார்த்துக்கிட்டே சமைக்கலாம் என்றார். மலைக்கு முன்னால் பொட்டல், பொட்டலில் மூன்று காற்றாடிகள். ஊருக்குள் யாரும் காற்றாலை என்று சொல்வதில்லை, காத்தாடிதான். ஆனி மாதக் காற்று கணவாய் வழியாக விழுந்து அடிக்கும்போது மூன்றும் சுற்றுகிற சத்தம் தலைமாட்டில் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி கேட்கும். ஜெரின் ஐ.டி.ஐ. முடித்து இந்தக் காத்தாடி வேலைக்குத்தான் போனான். ரிப்பேர் என்றால் ஏறுவான், எண்ணெய் மாற்ற ஏறுவான், உச்சியில் இருக்கிற பெட்டிக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பான். ஏறுவதற்கு முன்னால் அதை நிறுத்திவிடுவார்கள். போன மாதம் இந்த ஜன்னல் வழியாகத்தான் கையை நீட்டிக் காட்டினான், "எம்மா, நடுவுல நிக்குது பாரு, அதுதான் இப்ப எங்களுக்கு. அது சுத்தாம நின்னா நான் மேல இருக்கேன்னு வச்சுக்கோ. சுத்துச்சுன்னா இறங்கிட்டேன்னு வச்சுக்கோ." பிள்ளை விளையாட்டாகச் சொன்னது. அன்றையிலிருந்து அவளுக்கு நாள் என்பது அந்தக் காத்தாடி நிற்கிற நேரம், சுற்றுகிற நேரம் என்று இரண்டாகிவிட்டது. பாத்திரம் தேய்த்தாலும் பார்ப்பாள், வெங்காயம் உரித்தாலும் பார்ப்பாள், கண் எரிந்தாலும் பார்ப்பாள். இப்போதும் பார்த்தாள். இடது பக்கம் சுற்றுகிறது, வலது பக்கம் சுற்றுகிறது, நடுவில் உள்ளது நிற்கிறது. மூன்று இறகும் ஆடாமல், ஒன்று நேரே மேலே பார்த்துக்கொண்டு, மற்ற இரண்டும் கைகளைத் தொங்கப்போட்ட மாதிரி. ஏறிவிட்டான். இந்தக் காற்றில் ஏறிவிட்டான். வேப்பமரம் பேயாட்டம் ஆடுகிறது, கொடியில் போட்டிருந்த சேலை சுவரில் போய் அப்பிக்கொண்டிருக்கிறது, ஏறிவிட்டான். காலையில் அவன் போனபோது முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தரை மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிடும், குடத்தை வைத்துவிட்டு நின்றால் அவன் பைக் முக்குத் திரும்புகிற சத்தம்தான் கேட்கும், எம்மா வாரேன் என்று. இவள் குடம் நிறைகிறதைப் பார்த்துக்கொண்டே சரிப்பா என்பாள். இன்றைக்கும் அப்படித்தான். சரிப்பா என்றாளா, அதையும் சொல்லவில்லையா?

"ஏளா, சோறு குழையுது" என்று உள்ளே வந்தார் அருமைநாயகம். கழுத்தில் அளவு நாடா, காதில் துணியில் கோடு போடுகிற சாக்பீஸ், கடைக்குப் புறப்பட்டுவிட்டார். அவள் கஞ்சியை வடித்தாள், ஆவி முகத்தில் அடித்தது. "இன்னைக்கு நான் எத்தனை பிடி போட்டேன்னு பாத்தீகளா?" "நான் சேவிங் பண்ணிட்டு இருந்தேன். ஏன், அய்யரு வந்து ஆடிட்டிங் பண்ணப்போறாரா?" "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க." "ஒரு பிடி கூடப் போட்டா கோயில்ல வேண்டாம்னா சொல்லுவாவ? போட்டுட்டுப் போயேன்." "கூடப் போடக் கூடாது." "ஏன்?" அவள் டிபன் கேரியரில் சோற்றை அமுக்கி வைத்தாள். அவர் இடது கையை இடுப்போடு வைத்துக்கொண்டு வலது கையால் கேரியரை வாங்கினார். "காத்து ஜாஸ்தியா இருக்கே, இந்தக் காத்துல ஏறலாமா?" என்று கேட்டாள். "காத்து இவ்வளவுக்கு மேல அடிச்சா ஏறக் கூடாதுன்னு அவங்களுக்குக் கணக்கு இருக்கு. மீட்டர் வச்சிருப்பாங்க. நீ அடுப்படியில நின்னுக்கிட்டு காத்தை அளக்காதே." வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். "தூக்குவாளிய மூடி வைக்கவே மாட்டியா? நாலஞ்சு நாளா மூடி ஒரு பக்கம் சாஞ்சே கிடக்கு. எலி ஸ்தோத்திரக் காணிக்கையைத் தின்னா அதுக்கு என்ன தண்டனைன்னு நாளைக்குக் கூட்டத்துல கேளு." சிரித்துக்கொண்டே போய்விட்டார். இவள்தான் மூடுகிறாளே, ஒவ்வொரு தடவையும் அமுக்கித்தானே மூடுகிறாள். ஆனால் மூடி சரிந்து கிடப்பது உண்மைதான், கீழே நாலு அரிசி சிதறிக் கிடப்பதும் உண்மைதான், திங்கட்கிழமையே பார்த்தாள், எலிப்பொறி வாங்கணும் என்று நினைத்தாள், நினைத்ததோடு சரி. இந்த வாரம் எதற்குத்தான் நேரம் இருந்தது? செவ்வாய் உபவாச ஜெபம், புதன் வீட்டு ஜெபம், வியாழன் பாட்டுப் பழக, வெள்ளி கோயில் கூட்ட, நடுவில் வயலட் அக்காவோடு வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்க. ஆண்டவருக்காக ஓடி ஓடி ஆண்டவரோடு உட்கார ஐந்து நிமிஷம் இல்லை. பிடி அரிசி ஒன்றுதான் மிச்சம், அது போடுகிற நேரம் மட்டும்தான் ஜெபம் என்று ஒன்று இவள் வாயிலிருந்து தானாக வந்தது, அதிலேயும் இன்றைக்கு ஓட்டை விழுந்துவிட்டது.

நடுக் காத்தாடி நிற்கிறது. எழுதி முடித்தாலாவது மனசு ஒரு இடத்தில் நிற்கும் என்று பெர்சியின் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தாள். எட்டாவதோடு நின்ற கை, எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். அய்யரின் மனைவி அய்யரம்மா சபைப் பெண்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தாள், தினமும் தூங்கப் போகும் முன்னால் பத்து நன்றி எழுதுங்கள், எழுத எழுத மனசு லேசாகும் என்று. அய்யரம்மா சின்னப் பெண், படித்த பெண், அவள் சொன்னால் கேட்கத் தோன்றும். ஒரு மாதமாக இவளும் எழுதினாள். நாளைக்குச் சொல்ல அதிலிருந்து நாலு எடுக்கலாம் என்று புரட்டினாள். அவுகளுக்குத் தலைசுற்றல் வராததற்கு நன்றி. பெர்சி பஸ் பத்திரமாகப் போனதற்கு நன்றி. மழையில் சுவர் விழாததற்கு நன்றி. ஜெரின் இறங்கினதற்கு நன்றி. ஜெரின் இறங்கினதற்கு நன்றி. ஜெரின் இன்றைக்கு ஏறாததற்கு நன்றி. பக்கம் பக்கமாக அப்படியே போனது. நடந்த நல்லது ஒன்றுகூட அதில் இல்லை, எல்லாம் நடக்காமல் போன கெட்டது. நன்றி நன்றி என்று முப்பது நாளும் எழுதினது முழுக்கப் பயம். இதைப் போய் மைக்கில் வாசித்தால் சனங்கள் அல்லேலூயா சொல்வார்களா, இல்லை இவளை உட்கார வைத்துத் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணுவார்களா? நோட்டை மூடினாள். காற்று மறுபடி திறந்தது. வேறு பெண்கள் நிஜமாகவே நன்றி சொல்லுகிறார்கள், வயலட் அக்கா ஒரு படியை மொத்தமாகக் கொட்டிவிட்டு நிம்மதியாகச் சிரிக்கிறாள், அவள் பிள்ளைகள் யாரும் ஏணியில் ஏறவில்லை, அதனாலா? இல்லை அவளுக்கு ஆண்டவரைத் தெரியும், இவளுக்கு அரிசியை மட்டும்தான் தெரியும், அதனாலா? ஜெரின்கூடக் கேலி பண்ணுவான். "நீ எனக்கு அரிசி போடுதே, கம்பெனி எனக்கு பெல்ட் போடுது. ரெண்டு பேரும் சேந்து பிடிச்சிருக்கீங்க, நான் எங்க விழப்போறேன்?" என்பான். அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் வாயை மூடுலே என்று முதுகில் ஒன்று வைப்பாள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவன் கேலி பண்ணவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமலே உட்கார்ந்திருந்தான். "எம்மா, பிடி போடும்போது என்ன சொல்லுவே?" என்று கேட்டான். "பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் சொல்லுவேன்." "வேற ஒண்ணும் கேக்க மாட்டியா? காப்பாத்துங்கன்னு?" "கேக்கதுக்கு வேற நேரம் இருக்கு. இது நன்றி சொல்ல மட்டுந்தான்." அவன் தட்டில் விரலால் ஒரு கோடு போட்டான். "உனக்கு நீ போட்டுக்க மாட்டியோ?" "போடுத கைக்குப் பங்கு கிடையாதுப்பா, அது அப்படித்தான்." சரி என்றான். எழுந்து போய்விட்டான். இப்போது அது ஏன் ஞாபகம் வருகிறது? நடுக் காத்தாடி நிற்கிறது. மணி ஒன்பது. எண்ணெய் மாற்ற ஒன்றரை மணி நேரம் என்று சொல்லியிருக்கிறான், பாகம் மாற்றினால் மூன்று மணி நேரம், எண்ணெய் மாற்ற ஏழுக்கு ஏறியிருந்தால் இப்போது இறங்கியிருக்கணும். போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. ஏறும்போது போனை வண்டியிலேயே வைத்துவிட்டுத்தான் போவான், தெரியும், தெரிந்தும் இன்னொரு தடவை போட்டாள்.

அளந்து பார்த்தால் என்ன? அந்த எண்ணம் வந்ததும் அவள் எழுந்தேவிட்டாள், முழங்கால் மடக்கென்று சத்தம் போட்டது. தூக்குவாளியைப் போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூடைக்குள் கவிழ்த்துக் காலி பண்ணிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு மத்தியானம் ஒரு வேளைச் சமையல். திங்கள் முதல் வெள்ளி வரை காலையும் சாயங்காலமும், பத்து வேளை. இன்றைக்குக் காலை ஒன்று. மொத்தம் பன்னிரண்டு வேளை, வேளைக்கு மூன்று பிடி, முப்பத்தாறு. முப்பத்தாறு இருந்தால் போட்டிருக்கிறாள், முப்பத்தைந்து இருந்தால் போடவில்லை. அவ்வளவுதான், இதற்குப் போய்க் காலையிலிருந்து வெந்துகொண்டிருக்கிறாள். காணிக்கையைத் திரும்ப அளக்கலாமா, கொடுத்ததை எண்ணுவது பாவமில்லையா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அய்யரம்மா குரல் மாதிரி. கொடுத்ததை எடுத்துக்கொள்ளவில்லை ஆண்டவரே, பார்க்கத்தான் போகிறேன் என்று பதில் சொன்னாள். ஜன்னல் கதவைச் சாத்தினாள், காற்றில் அரிசி பறந்துவிடக் கூடாது. பாதி சாத்தினவள் மீதிப் பாதியைத் திறந்தே விட்டாள், காத்தாடி தெரியணும். தூக்குவாளி அரிசியைப் புடைக்கிற சுளகில் கொட்டி, ஒரு பிடி அள்ளி, சருவப் பாத்திரத்தில் போட்டாள். ஒன்று. அவசரப்பட்டால் பிடி சின்னதாகும், சின்னதானால் கணக்குத் தப்பும், நிதானமாக மறுபடி அள்ளினாள். அவுகளுக்கு, பெர்சிக்கு, ஜெரினுக்கு என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது. பன்னிரண்டு. இருபது. காற்று ஜன்னல் கதவை இழுத்து அடித்தது. இருபத்தேழு, அது வியாழக்கிழமை, பாட்டுப் பழகப் போகிற அவசரம். முப்பது. முப்பத்து மூன்று. முப்பத்து நாலு, முப்பத்தைந்து. சுளகைப் பார்க்கப் பயந்துகொண்டு கண்ணைச் சருவத்திலேயே வைத்திருந்தாள், கையை மட்டும் சுளகுக்கு அனுப்பினாள். கையில் அரிசி தட்டியது. முப்பத்தாறு. ஸ்தோத்திரம் என்று வாய் திறந்தது, திறந்த வாய் மூடவில்லை. சுளகில் இன்னும் அரிசி இருந்தது. ஒன்றிரண்டு மணி இல்லை, குவியலாக இருந்தது. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. எங்கேயோ தவறிவிட்டது என்று தோன்றியது, தவறவில்லை என்றும் தெரிந்தது. நாற்பது. நாற்பத்து மூன்று, அதற்கு மேல் ஒரு அரைப் பிடி. எலி வந்தால் அரிசி குறையும், கூடாது.

மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம், விளிம்பில், கறுப்பாக ஒரு பெருவிரல். ரேகைகூடத் தெரிந்தது. கிரீஸ். அது சோப்புப் பவுடர் போட்டாலும் போகாது, இந்த வீட்டில் எல்லாவற்றிலும் இருக்கிறது, தலையணை உறையில், காப்பி தம்ளரில், பைக் சாவி மாட்டுகிற ஆணியைச் சுற்றிச் சுவரில், அவள் ஒரு வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிற கறுப்பு. மிஷின் எண்ணெய் மாதிரி மூக்கில் ஏறுகிற அந்த வாடை அரிசிக்குள்ளும் லேசாக இருந்தது. திங்கட்கிழமையிலிருந்துதான் மூடி சரிந்து கிடக்கிறது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, இன்றைக்கு. ஆறு காலை. இவள் தெருக்குழாயில் நிற்கிற நேரம் பார்த்து உள்ளே வந்து, சாக்குக்குள் கையை விட்டு, அவன் கை பெரிய கை, அவன் ஒரு பிடி இவளுக்கு ஒன்றேகாலோ ஒன்றரையோ வரும், ஆறு பிடி போட்டிருக்கிறான். கேலி பண்ணுகிற பிள்ளை. பெல்ட் இருக்கு என்கிற பிள்ளை. யாருக்கும் தெரியாமல் நாலாவது பிடியை ஆறு நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். பயந்திருக்கிறான். இந்த வீட்டில் பயப்படுகிறது இவள் ஒருத்திதான் என்று இருந்தாள், அவன் சிரிப்பான் என்பதால்தான் இவ்வளவு நாளும் இவளால் பயப்பட முடிந்தது, ஒருத்தர் பயந்தால் ஒருத்தர் சிரிக்கணும் இல்லையா, இரண்டு பேரும் பயந்தால் வீட்டை யார் பிடிப்பது? எதைக் கண்டு பயந்தான்? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தட்டில் கோடு போட்டானே, அதற்குள் ஏதோ இருந்திருக்கிறது, கேட்டிருக்கணும், கேட்காமல் தட்டை எடுத்துக் கழுவப் போனாள், காலையில் நோட்டீஸ் கொடுக்கப் போகணுமே என்று.

சுளகை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். நடுக் காத்தாடி அசைந்தது. அசைந்ததா? மேலே பார்த்துக்கொண்டிருந்த இறகு சரிந்தது, மெதுவாக, தூக்கம் கலைகிற ஆள் மாதிரி, அடுத்தது மேலே வந்தது, அடுத்தது, பிறகு மற்ற இரண்டோடும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டது. இறங்கிவிட்டான். ரெத்தினபாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றாள், நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டாள், கண்ணீர் மூக்கு வழியாக வந்தது. முப்பது வருஷத்தில் இவ்வளவு நிறைவாக ஒரு ஸ்தோத்திரம் அவள் சொன்னதில்லை. இதைத்தான் நாளைக்குச் சொல்லணும், இந்த நிமிஷத்தை, நோட்டு வேண்டாம், ஒன்றும் வேண்டாம். போன் அடித்தது. ஜெரின். "எம்மா, ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கே, என்னம்மா?" பின்னால் காற்று போனுக்குள்ளேயே வீசியது. "இறங்கிட்டியாப்பா? பாத்தேன், இப்பத்தான் சுத்துச்சு, பாத்துக்கிட்டேதான் நிக்கேன்." "எது சுத்துச்சு?" "நடுக் காத்தாடி." "எம்மா, அது வேற ஆளுங்க. நான் திங்கக்கிழமையில இருந்து அங்க இல்ல" என்றான். "மலைக்கு அந்தப் பக்கம் புதுசா நிக்குது, பெருசு. அங்க மாத்திட்டாங்க. நம்ம வீட்டுல இருந்து தெரியாது. அதான் சொல்லல." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "எவ்வளவு பெருசு?" "அது இருக்கும், அதுல ரெண்டு பங்கு. இன்னைக்குக் காத்து அடங்கட்டும்னு காலையில இருந்து கீழேயே உக்காந்திருந்தோம். இப்ப ஏறச் சொல்லிட்டாங்க." "காத்து அடங்கலயேப்பா." "கொஞ்சம் அடங்கியிருக்கும்மா." யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இந்தா வாரேன் என்று கத்தினான். அவன் வைத்துவிடுவான் என்று பயந்து அவள் அவசரமாகக் கேட்டாள், "தூக்குவாளியில அரிசி போட்டியா?" "நீ எண்ணிப் பாப்பேன்னு எனக்குத் தெரியாதும்மா" என்று சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "யாருக்குப்பா போட்டே? உனக்கா?" "எனக்குத்தான் நீ போடுதியே. உனக்குப் போட்டேன். உனக்கு யாரும் போடலல்லா. வைக்கேம்மா, கூப்பிடுதாங்க."

போன் வெளிச்சம் அணைந்தது. பொட்டலில் மூன்று காத்தாடியும் சுற்றின. நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க இனி ஒன்றுமில்லை. அதற்குப் பின்னால் மலை, மலையின் முதுகு, அதற்கு அந்தப் பக்கம். திங்கட்கிழமையிலிருந்து இவள் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை ஏறினதற்குப் பயந்திருக்கிறாள், யாரோ ஒருத்தி பிள்ளை இறங்கினதற்கு நன்றி எழுதியிருக்கிறாள், இவள் பிள்ளை அந்த நேரமெல்லாம் பார்க்க ஆள் இல்லாமல் மலைக்குப் பின்னால் ஏறி இறங்கியிருக்கிறான். அம்மாவுக்கு ஒரு பிடி. அவன் இல்லாமல் போனால் இவள் என்ன ஆவாள் என்று அவன் யோசித்திருக்கிறான், ஆறு காலை, கிரீஸ் கையோடு, குழாயில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே. காலையில் மூன்றாவது பிடி விழுந்ததா என்று இனி எந்தக் கணக்கிலும் தெரியப் போவதில்லை. அவள் தரையில் உட்கார்ந்து சருவத்து அரிசிக்குள் கையை விட்டாள். அள்ளினாள். தூக்குவாளிக்கு மேலே கொண்டுவந்தாள். ஸ்தோத்திரம் வரவில்லை. இறங்கினதற்கு நன்றி சொல்லத் தெரியும், ஏறுகிறதற்கு என்ன சொல்வது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "ஜெரினுக்கு" என்று மட்டும் சொன்னாள். கை திறக்கவில்லை. திறந்தால் விழுந்துவிடும். இப்போது முதல் படியில் கால் வைத்திருப்பான், இப்போது பத்தாவது, பெல்ட்டை மாட்டியிருப்பான், இரும்புப் படியை அந்தப் பெரிய கை இப்படித்தான் இறுக்கிப் பிடித்திருக்கும். விரல் நுனி வெளுத்தது, அரிசி உள்ளங்கையில் குத்தியது. காற்று ஜன்னல் கதவை முழுதாகத் திறந்து சுவரில் அடித்தது, சுளகில் மிச்சம் கிடந்த அரிசி தரையெல்லாம் ஓடியது. அவள் எழுந்து சாத்தவில்லை. பிடித்த பிடியை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.